அந்தரத்தில் நின்ற புகைபோக்கி

தவநாயகி கவுன்சில் என்கிற நகரசபைக்கு அந்த மானிய விண்ணப்பத்தை எழுதியது ஒரு குசினித் தகராறைத் தீர்ப்பதற்காகத்தான். அதுவும் பெரிய தகராறு இல்லை. குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற சட்டியில் மீன்குழம்பு மணக்கிறது என்று அருமைநாயகி ஒருநாள் முகத்தைச் சுருக்கினாள். நாலு அடுப்பில் மூன்றை ஒருத்தியே பிடித்துக்கொண்டால் மற்றவள் எங்கே சமைப்பது என்று தவநாயகி பதிலுக்கு முணுமுணுத்தாள். வீட்டுக்காரி தவநாயகியும் வாடகைக்கு இருப்பவளும் ஒரே குசினியில் ஒன்றரை வருடம் புழங்கினால் இவ்வளவு உரசல்கூட இல்லாமல் இருக்குமா?

வீடு கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் பழைய வரிசை வீடுகளில் ஒன்று. தவநாயகியும் கணவர் அம்பலவாணனும் எழுபத்தெட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவருக்கு அப்டன் பார்க் ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கிற வேலை. அவள் வீட்டிலிருந்தே தைத்தாள். மேல்மாடிப் பின்னறையில் அவளுடைய ஓவர்லொக் மெஷின் காலையிலிருந்து மாலைவரை இரையும். திங்களும் வியாழனும் வான் வந்து தைத்த பாவாடைகளை எடுத்துக்கொண்டு தைக்காதவற்றைப் போட்டுவிட்டுப் போகும். பிள்ளைகள் இல்லை. எண்பத்துநாலில் வீட்டை வாங்கினார்கள். ஊரில் கலவரம் நடந்து சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முருகன் கோயிலில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது, "அறை ஏதும் இருக்கோ?" என்பதுதான். கீழ்த்தளத்து அறைகள் இரண்டையும் வாடகைக்கு விட்டார்கள். அனுமதி, பதிவு என்று ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் யாரும் அப்படி எடுத்தவர்கள் இல்லை.

தொண்ணூறு ஆனியில் கீழ்ப் பின்னறைக்கு அருமைநாயகி வந்தாள். வயிற்றில் ஆறு மாதம். கணவன் கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றவள் தவநாயகிதான். ஆண்பிள்ளை. கபிலன் என்று பெயர் வைத்தார்கள்.

மறுவருடம் ஐப்பசி மாதத்தில் நூலகத்துக்குப் போன தவநாயகி, தமிழில் அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்துவந்தாள். வீட்டின் ஒரு பகுதியைத் தனிக் குடியிருப்பாக மாற்றி, சட்டப்படி வாடகைக்கு விட விரும்பும் சொந்தக்காரர்களுக்குக் கவுன்சில் மானியம் தருமாம். தனிக் குசினி, தனிக் குளியலறை, நெருப்புத் தாங்கும் கதவு எல்லாவற்றுக்கும் உதவி உண்டாம்.

அம்பலவாணன் வாசித்துவிட்டு அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கவுன்சில்காரனை நாங்களே கூப்பிட்டு வீட்டைக் காட்டுறதோ? உமக்கென்ன விசரே?"

"எத்தினை நாளைக்கு ஒளிச்சு ஒளிச்சு வாடகைக்கு விடுறது? ஆராவது ஒரு பெட்டிசம் போட்டா என்ன செய்வியள்?"

"போடேக்கை பாப்பம்."

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு அவள் படிவத்தை நிரப்பி, தன் கையெழுத்தைப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டாள். வீடு இருவர் பெயரிலும் இருந்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குக் கவுன்சில் அதிகாரி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச், இடுப்பில் அளவு நாடா. அட்டையில் சுந்தரராஜன் என்றிருந்ததைப் பார்த்துவிட்டுத் தவநாயகி தமிழில் பேசினாள். அவர் முகம் மலர்ந்தது.

"ஆமாம்மா, எனக்குத் திருச்சி. பத்து வருஷமா இந்த வேலைதான் பாக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

இரண்டு மணிக்கு வான் வந்துவிடும். நாற்பது பாவாடைக்கு இன்னும் ஓரம் அடிக்கக் கிடந்தது. அருமைநாயகி குழந்தையைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு, "ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா, பெனிபிட் காசு எடுத்துக்கொண்டு ஓடி வாறன்" என்று போஸ்ட் ஒபிசுக்குப் போயிருந்தாள். பின்னறைக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்று அதிகாரிக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். தவநாயகி மேலே போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

கீழே அவர் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்வளவுக் கதவு திறந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தாள். சுந்தரராஜன் வளவின் கடைசிவரை போய், திரும்பி நின்று, கையை நெற்றியில் வைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் பார்த்தார். கூரையில் என்ன பழுதோ, ஓடு மாற்றச் சொல்லப்போகிறாரோ என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த பாவாடையை ஊசிக்கடியில் வைத்தாள்.

படியில் அவர் ஏறி வந்த வேகம் வேறாக இருந்தது.

"மெஷினை நிறுத்துங்க."

அவள் நிறுத்தினாள்.

"காலை எடுங்க. அவசரப்பட வேணாம். மெதுவா எழுந்து இந்தப் பக்கம் வந்துடுங்க."

அவள் சுவரோரமாக நகர்ந்து வாசலுக்கு வந்தாள். மெஷினுக்கு அருகே, சுவரிலிருந்து ஒன்றரை அடி அறைக்குள் துருத்திக்கொண்டு, பழைய புகைபோக்கியின் செங்கல் கட்டு நின்றது. லண்டனின் பழைய வீடுகளில் கீழறையிலும் மேலறையிலும் ஒவ்வொரு கணப்படுப்பு இருக்கும். இரண்டின் புகையையும் கொண்டுபோகிற கட்டு, நிலத்திலிருந்து தொடங்கி, இரண்டு தளங்களையும் தாண்டி, கூரைக்கு மேலே தலைநீட்டும். சுந்தரராஜன் அந்தக் கட்டின் அடியில் முழங்காலிட்டு, தரைப்பலகை ஒன்றை நெம்பி எடுத்து, டார்ச்சை உள்ளே பிடித்தார். முகத்தைப் பலகையோடு ஒட்டிப் பார்த்தார். எழுந்தபோது அவருடைய மூக்கிலும் கன்னத்திலும் கரி.

"கீழ ரூம்ல சிம்னி இல்லையே. எங்க போச்சு?"

தவநாயகி துருத்தி நின்ற செங்கல் கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேல உள்ளது அப்படியே நிக்குது. இந்தக் கட்டு, பரண்ல ஒரு கட்டு, கூரைக்கு மேல ஒரு கட்டு. ஒண்ணரை டன் இருக்கும். அடியில ரெண்டு பலகையைக் குடுத்திருக்காங்க, ஒரு பலகை வெடிச்சிருக்கு. மெஷின் ஓடுறப்ப கீழ கொட்டுது, நானே பார்த்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழ இருக்கிற குழந்தையை வெளிய எடுக்கணும். நீங்க இங்கயே இருங்க, நான் போறேன்."

அவர் சொல்லி முடிக்குமுன் அவள் படியில் பாதி இறங்கிவிட்டாள். பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. கபிலன் ஒருக்களித்து, வாயில் கைவிரலோடு தூங்கிக்கொண்டிருந்தான். நீலப் போர்வையில், அவனுடைய தோளுக்குப் பக்கத்தில், கடுகளவு செங்கல் பொடியும் கரியும் சிந்திக் கிடந்தன. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் கால் ஓடாது என்று தோன்றியது. குழந்தையைப் போர்வையோடு வாரி எடுத்துக்கொண்டு முன்வாசலால் தெருவுக்கு வந்துவிட்டாள். செருப்பில்லாமல், குளிரில், எதிர்வீட்டு மதிலோரம் நின்றாள். குழந்தை கண் விழிக்கவே இல்லை.

அங்கே நிற்கும்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது.

எண்பத்தைந்து வைகாசியில், அறையை வாடகைக்கு விடுவதற்கு முன், "இந்தக் கட்டை எடுத்தால்தான் கட்டிலும் அலுமாரியும் கொள்ளும்" என்று சொன்னவள் அவள்தான். அம்பலவாணனும் அவருடைய சிநேகிதர் செபமாலைமுத்துவும் மூன்று நாள் லீவில் கீழ்க்கட்டை உடைத்து எடுத்தார்கள். மேலே உள்ளது பக்கத்துச் சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்கும், பயப்படத் தேவையில்லை என்று செபமாலைமுத்து சொன்னார். அவர் ஊரில் வீடு கட்டிய அனுபவமுள்ளவர். ஊர் வீட்டில் புகைபோக்கி ஏது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. உடைத்த கல்லை வாளி வாளியாக வளவுக்குச் சுமந்தவளும் அவள்தான். சுவர் நேராக, அழகாக வந்துவிட்டது என்று எல்லாருமாகச் சோடா குடித்தார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆவணி மாதம் போல அருமைநாயகி படியடியில் நின்று சொன்னாள்: "அக்கா, நீங்கள் தைக்கேக்கை மேலாலை மண் கொட்டுப்படுது. பிள்ளையின்ரை கண்ணுக்கை விழுது." மெஷின் இரைச்சலுக்குத்தான் இவள் இப்படிச் சுற்றி வளைத்துக் குறை சொல்கிறாள் என்று தவநாயகி எடுத்துக்கொண்டாள். "பழைய வீடெண்டா தூசி இருக்கும்தானே. ஒருக்காக் கூட்டினால் என்ன?" என்று சொல்லியிருந்தாள்.

பின்னேரத்துக்குள் கவுன்சில் ஆட்கள் நாலு பேர் வந்து, பின்னறையில் இரும்பு முட்டுகளை நிறுத்தி, கதவைப் பூட்டி, சிவப்பு எழுத்தில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். மேல்மாடிப் பின்னறையையும் யாரும் மிதிக்கக் கூடாது. வான்காரன் வந்து ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனான். தவநாயகி சோறு வைத்தாள். சிறிது நேரத்தில் அதை மறந்து இன்னொரு சட்டியில் மறுபடி அரிசி போட்டாள். கத்தரிக்கோலைத் தேடித் தேடி, கடைசியில் அதை ஃபிரிட்ஜுக்குள் கண்டெடுத்தாள். எப்போது அங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேலையால் வந்த அம்பலவாணன் கதவில் ஒட்டியிருந்ததை நின்றபடியே வாசித்தார். தொப்பியைக் கழற்றவில்லை. குசினியில் அருமைநாயகி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"எப்பிடி அண்ணை உப்பிடி ஒரு வேலை செய்தவங்கள்?" என்று கேட்டாள்.

அம்பலவாணன் தவநாயகியைப் பார்த்தார். பிறகு, "முந்தி இருந்த வெள்ளைக்காரன் செய்திருப்பான். நாங்கள் வாங்கேக்கையே சுவர் அப்பிடித்தான்" என்றார்.

அருமைநாயகி நீளமாக மூச்சு விட்டாள். எழுந்து வந்து தவநாயகியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கள் கிராண்டுக்கு எழுதினபடியாலைதான் என்ரை பிள்ளை எனக்கு மிஞ்சினது. இதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

தவநாயகி கையை இழுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றாள்.

அன்று அருமைநாயகியையும் குழந்தையையும் மேல்மாடி முன்னறையில், தங்கள் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, இருவரும் கீழே வெறுமையாகக் கிடந்த முன்னறையில் பாய் விரித்தார்கள்.

"உண்மையைச் சொன்னா கிராண்டும் இல்லை, கேசும் வரும்," என்றார் அம்பலவாணன். "கவுன்சில் பெர்மிஷன் இல்லாமல் உடைச்சது. விளங்குதோ? வேலைக்கும் ஆபத்து."

அவள் கூரையைப் பார்த்தபடி, "அவள் என்ரை கையைப் பிடிச்சவள்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை சுந்தரராஜன் ஒரு படிவத்தோடு வந்தார். குசினி மேசையில் உட்கார்ந்தார். அருமைநாயகி யன்னலோரம் நின்று குழந்தைக்கு ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்," என்றார் அவர். "கீழ இருந்த சிம்னியை யார் எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க?"

"நாங்கள் வாங்கேக்கையே இல்லை," என்றார் அம்பலவாணன்.

சுந்தரராஜன் பேனாவைத் திறந்தார்.

"நாங்கள்தான் எடுத்தனாங்கள்," என்றாள் தவநாயகி. "எண்பத்தைஞ்சு வைகாசியிலை. நான்தான் எடுக்கச் சொன்னனான். கல்லுச் சுமந்ததும் நான்தான்."

அம்பலவாணன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். சுந்தரராஜன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் எழுதிட்டேன்னா எழுதினதுதான். மாத்த முடியாது."

"எழுதுங்கோ."

அவர் எழுதினார். யன்னலோரம் அருமைநாயகியின் கை குழந்தையின் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பால் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி போகும்வரை அவள் அசையவில்லை. கதவு சாத்திய பிறகுதான் திரும்பினாள்.

"ஆறு வருசமா அது அப்பிடித்தான் நிண்டதோ, அக்கா?"

"ஓம்."

"நான் வரேக்கையும்? இவன் பிறந்து ஆஸ்பத்திரியாலை கொண்டுவந்து கிடத்தேக்கையும்?"

"ஓம். ஆனா விழுமெண்டு எங்களுக்குத் தெரியாது, அருமை. சத்தியமாத் தெரியாது."

"நான் வந்து சொன்னனான்தானே."

அவள் திட்டியிருந்தால், அழுதிருந்தால், தவநாயகிக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அன்று மத்தியானமே அருமைநாயகி இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, கவுன்சில் அலுவலகத்துக்குப் போனாள். இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு ஹோட்டலில், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு அறை கொடுத்தார்கள் என்று பிறகு கோயிலில் யாரோ சொல்லித் தெரிந்தது.

கேஸ் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. புகைபோக்கியை இறக்குகிற செலவு முழுக்கச் சொந்தக்காரரையே சேரும் என்றும், மற்ற வேலைகளுக்கு மானியம் உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது: வேலை முடிந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்கு அந்தக் குடியிருப்பை உறவினர் அல்லாதவருக்கு, முறையான ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடவேண்டும். அம்பலவாணன் சனி ஞாயிறுகளில் பெட்ரோல் ஷெட்டில் நின்று அந்தச் செலவை ஈடுகட்டினார். தவநாயகியோடு அவர் சரியாகப் பேசத் தொடங்க மாசி மாதம் ஆயிற்று.

பங்குனியில் சாரம் கட்டிக் கூரையின் மேலிருந்து கல்லை இறக்கினார்கள். மூன்று நாள் இறக்கினார்கள். தவநாயகி தெருவில் நின்று பார்த்தாள். ஒரு குப்பைத் தொட்டி நிறைந்து, லொறி வந்து எடுத்துப்போய், இரண்டாவது தொட்டியும் நிறைந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஒன்றரை டன் என்றால் என்னவென்று அவளுக்கு உடம்பில் உறைத்தது. அந்தக் கிழமையே மெஷினை விற்றுவிட்டு, ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஆவணியில் கீழ்வீடு தயாரானது. தனிக் கதவு, தனிக் குசினி, தனி மீட்டர். தவநாயகி கோயிலில் அறிந்த ஒருவர் மூலம் அருமைநாயகிக்குக் கடிதம் கொடுத்துவிட்டாள். வந்து இருக்கும்படி கேட்கவில்லை. வீடு முடிந்துவிட்டது, விரும்பினால் முதல் உரிமை உமக்கு என்று மட்டும் எழுதினாள். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அருமைநாயகியே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். கபிலன் நடந்து வந்தான்.

அறையறையாகப் போனாள். பின்னறையில் நின்று கூரையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். கவுன்சில் முத்திரை, சுந்தரராஜனின் கையெழுத்து. எல்லா வேலையும் பரிசோதிக்கப்பட்டது, கட்டடம் பாதுகாப்பானது என்று இருந்தது.

"போன கிழமை அவரிட்டைப் போய்க் கேட்டு எழுதி வாங்கினனான்," என்றாள். "உங்களை நம்பி வரேல்லை அக்கா. இந்தக் கடுதாசியை நம்பித்தான் வாறன். அந்த ஹோட்டல் அறையிலை பிள்ளைக்கு மூச்சு இழுக்குது, எனக்கும் வேறை வழியில்லை."

தவநாயகி இந்த வார்த்தையைத்தான் ஒன்பது மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நேரே வந்து விழுந்தபோது தாங்கத் தயாராக இருக்கவில்லை.

"ஓம்," என்றாள். "அது சரி."

"எக்ரிமெண்டை வாசிச்சுப் போட்டுத்தான் சைன் வைப்பன்."

"வையும். ஆறுதலா வாசியும்."

அருமைநாயகி அங்கே ஐந்து வருடம் இருந்தாள். தொண்ணூற்று மூன்றில் கணவன் வந்து சேர்ந்தான். இரண்டாவதாக ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குத் தவநாயகியைக் கூப்பிடவில்லை. மாதம் முதலாந்திகதி வாடகையைக் காகித உறையில் போட்டு, கதவின் துவாரத்தால் தள்ளுவாள். எங்காவது கண்டால், "எப்பிடி அக்கா?" என்பாள். இவளும் சுகம் சொல்வாள். அதற்குமேல் பேச்சில்லை. ஒருமுறை கபிலன் ஓடிவந்து தவநாயகியின் சேலையைப் பிடித்தபோது, அருமைநாயகி அவனைக் கூப்பிடவில்லை. அவனாக விடும்வரை நின்று பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு போனாள். அதைத் தவநாயகி கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழில் ஈஸ்ட் ஹாமில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒரு மாத முன்னறிவித்தல், எழுத்தில். போகிற அன்று பெட்டி தூக்கத் தவநாயகி இறங்கி வந்தாள். வேண்டாம் என்று அருமைநாயகி சொல்லவில்லை. இருவருமாக அலுமாரியைப் பிடித்து வானில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் தவநாயகி முதலில் பின்னறைக்குத்தான் கூட்டிப்போனாள். அங்கே நின்று, இந்தச் சுவரில் என்ன இருந்தது, அதை யார் எடுத்தது, கீழே யார் படுத்திருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு கவுன்சில் கடிதத்தைக் காட்டினாள்.

"உதையெல்லாம் சொன்னா ஆர் வருவினம்?" என்று அம்பலவாணன் சலித்துக்கொண்டார்.

இரண்டு குடும்பம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மூன்றாவதாக வந்த இளம் தம்பதியில் அந்தப் பெண் கடிதத்தை வாங்கி, கடைசி வரி வரை நிதானமாக வாசித்தாள். பிறகு, "மற்ற அறையளையும் பாக்கலாமோ அன்ரி?" என்று கேட்டாள்.